காத்தான்குடிச் சுவரில் சிக்கிய எஞ்சின்

1937, மாசி மாதம், ஒரு புதன்கிழமை இரவு. மட்டக்களப்பு மெயில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனை விட்டு நகர்ந்தபோது என் மடியில் ஒரு ரயில் எஞ்சின் இருந்தது. தகரத்தில் செய்து பச்சை வர்ணம் பூசியது. ஒரு முழ நீளம்கூட வராது. மூன்றாம் வகுப்பில் மூட்டை எது, மனிதன் எது என்று தெரியாத நெரிசல். மேல் தட்டில் வைத்தால் எவனாவது பலாப்பழத்தைத் தூக்கி அதன்மேல் போடுவான் என்று பயந்து, பெட்டியோடு மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருந்த புகையிலை வியாபாரி ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“பேரப்பிள்ளைக்கோ?”

“இல்லை. காத்தான்குடியிலை ஒரு முதலாளிக்கு.”

“முதலாளியின்ரை மகனுக்கோ?”

“முதலாளிக்கே.”

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, இருக்கையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு நல்லதாய்ப் போயிற்று, காலை நீட்ட இடம் கிடைத்தது.

நான் புறக்கோட்டையில் ஒரு கடையில் மணிக்கூடும் சாவி முறுக்கினால் ஓடும் சின்ன ரயில்களும் திருத்துகிறவன். ஊர் யாழ்ப்பாணம், சீவியம் கொழும்பில், கோபம் எங்கே போனாலும் கூடவே வரும். இந்த ரயில்களை ‘விளையாட்டுச் சாமான்’ என்று யாராவது சொன்னால் அந்தக் கோபம் பொல்லாததாகிவிடும். காத்தான்குடி மீராலெவ்வை என்பவர் சாறன், அதாவது கைலி, வியாபாரி, எங்கள் கடையின் பழைய வாடிக்கைக்காரர். அவர் கடைசியாக வாங்கிய அமெரிக்க எஞ்சின் ‘போகவேண்டிய இடத்துக்குப் போகுதில்லை’ என்று சொல்லியனுப்பியிருந்தார். இங்கிலீஷ் எஞ்சின் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து அமெரிக்கனைத் திருப்பிக் கொண்டுவரும்படி என் முதலாளி சொன்னார். சண்டை பிடிக்காமல் வாரும் என்றும் சொன்னார். மனுசன் என்னை நன்றாகத்தான் அறிந்து வைத்திருக்கிறார்.

வியாழன் காலை. வாழைச்சேனைப் பாலத்தில் ரயில் ஏறும்போது விடிந்துவிட்டது. கிரான் பக்கத்து வயல் வட்டைகளில் நெல் அறுத்துக் கட்டுக் கட்டாகக் கிடந்தது. வரம்போரம் அடுப்பு மூட்டி ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏறாவூரில் தயிர்ச் சட்டிகளோடு ஒரு கூட்டம் ஏறியது. மட்டக்களப்பு ஸ்டேஷனில் இறங்கி, வாசலுக்கு எதிர்க் கடையில் புட்டும் மீன் குழம்பும் தின்றேன். கொழும்பில் புட்டு என்ற பெயரில் நாங்கள் தின்பது என்னவென்று அப்போது யோசித்தேன்.

காத்தான்குடி அங்கிருந்து நாலு மைல். பஸ்ஸுக்குப் பத்துச் சதம். கல்லடிப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே வாவி தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. தோணிக்காரன் ஒருவன் வலையை உதறிக்கொண்டிருந்தான். இங்குள்ளவர்கள் இத்தனை பெரிய நீர்ப்பரப்பைச் சாதாரணமாக ‘ஆறு’ என்கிறார்கள். கொண்டக்டர் என் பெட்டியைக் காட்டி, “ஐயா, கோழிக்குஞ்சா?” என்று கேட்டான். எஞ்சின் என்றேன். “அப்ப பஸ் நிண்டாக் கட்டி இழுக்கலாம்” என்றான். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

காத்தான்குடித் தெருக்களில் எந்த வேலிக்குப் பக்கத்தில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கிறது. மீராலெவ்வையின் வீடு செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நல்ல அகலமான வீடு. வாசலிலேயே அவர் நின்றார். மலை மாதிரி உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல்.

“வாங்க மாஸ்டர், வாங்க, குந்துங்க. மொதல்ல கோப்பி. அதுக்குப் பொறகு ரயில்.”

கோப்பி ஆறும்வரை யார் காத்திருப்பது? முன்மண்டபத்தில் பாயைச் சுருட்டி ஓரமாய் வைத்துவிட்டு, தரையில் பலகை போட்டுத் தண்டவாளம் ஆணியடித்திருந்தார். மண்டபம் முழுக்க ஒரு வளையம் சுற்றி, பாதை ஒற்றைத் தடமாகி நடுச்சுவருக்குப் போனது. சுவரில் தரையோடு தரையாக ஒரு சிறிய ஓட்டை. அதற்கு அப்பால் பெண்களின் அறை.

“அங்காலயும் இப்பிடித்தான் ஒரு வளையம். வண்டி போய்க் கிறுகி இதே ஓட்டையால வரும்” என்றார். “இந்த மண்டபம் மட்டக்களப்பு. அந்த அறை கொழும்பு. கொழும்புக்கு ஸ்டேசன் மாஸ்டர் என்ட மகள் சுலைகா.”

கதை இதுதான். மட்டக்களப்புக்கு ரயில் வந்த புதிதில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். அவள் கேட்டாள் என்று முதல் ரயிலை வாங்கினார். பிறகு அவருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. அவள் பெரிய பிள்ளையானதும், இங்குள்ள வழக்கப்படி, அந்நிய ஆண்கள் வந்துபோகும் முன்மண்டபத்துக்கு வருவது நின்றது. ரயில் முன்னுக்கு, பிள்ளை உள்ளுக்கு. “ரெண்டு நாள் அவட முகத்தப் பாத்தன், மாஸ்டர். தாங்க ஏலாமப் போச்சு. உளிய எடுத்தன்” என்றார். சுவரைத் துளைத்துத் தண்டவாளத்தை உள்ளே கொண்டுபோனவர் அவரே.

ஓட்டை அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருந்தது. இங்கிலீஷ் எஞ்சின் உள்ளே போனால் சுற்றிலும் ஒரு நூல் இடைவெளிதான். ஏன் இப்படி இறுக்கமாய் வெட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

“பொம்பிளைகள்ற அறை. வண்டி போகணும், கண்ணு போகப்படாது. ஒரு விரல் கூட வெட்டினாலும் ஊர் பேசும்.”

இனி அந்த ரயில்களைப் பற்றிச் சொல்லவேண்டும், அங்கே போகாதவர்களுக்கும் விளங்கவேண்டும். அவரிடம் ஏற்கெனவே இருந்த இங்கிலீஷ், ஜெர்மன் எஞ்சின்களையும் அந்த அமெரிக்கனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். மூன்றுக்கும் தண்டவாள அகலம் ஒன்றே, ஒன்றேகால் அங்குலம். ஆகவே ஒரே பாதையில் மூன்றும் ஓடும். ஆனால் உருவம் ஒன்றல்ல. இங்கிலாந்துக்காரன் தன் ஊர் ரயிலை நாற்பத்துமூன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிறான், ஜெர்மன்காரன் நாற்பத்தைந்தில், அமெரிக்கன் நாற்பத்தெட்டில். இங்கிலீஷ் ரயிலின் தகர கார்டு பொம்மையை ஜெர்மன் பெட்டியின் வாசலில் நிறுத்தினால், பக்கத்தில் நிற்கும் ஜெர்மன் பயணியைவிட ஒரு சுற்றுப் பெரியவன். ஆனால் அவன் தலைக்குமேல் ஜெர்மன் கூரை எங்கேயோ இருக்கிறது. இங்கிலீஷ் எஞ்சின் குட்டையாக, உருண்டையாக, காரியக்காரன்போல நின்றது. ஜெர்மன் நீளம், விறைப்பு. அமெரிக்கனுக்கு முன்னால் மாடு தள்ளும் இரும்பு வலை, நெற்றியில் பெரிய விளக்கு, முதுகில் பித்தளை மணி; கல்யாண வீட்டுக்கு வந்த மாமன்போல ஒரு மிடுக்கு. இதிலே வேடிக்கை, நம்முடைய இலங்கை ரயிலின் பாதை ஐந்தரை அடி அகலம். எந்த நாட்டுக்காரன் கணக்கில் அதைச் சுருக்கினாலும் இந்த ஒன்றேகால் அங்குலத்துக்குள் அடங்காது. மட்டக்களப்பு மெயிலை அப்படியே செய்து தர உலகத்தில் ஒருவரும் இல்லை என்றேன். மீராலெவ்வை உண்மையாகவே கவலைப்பட்டார்.

“எஞ்சினிலை என்ன பிழை? ஓட்டிக் காட்டுங்கோ, நானா” என்றேன். அண்ணனை இங்கே நானா, காக்கா என்றுதான் அழைக்கிறார்கள்.

அமெரிக்கனை வேலைக்காரச் சிறுவன் மூலம் உள்ளே அனுப்பினார். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் சாவி முறுக்கும் சத்தம். பிறகு இரண்டு தட்டு: பாதை சரிதானே என்று கொழும்பு கேட்கிறது. மீராலெவ்வை குனிந்து தானும் இரண்டு தட்டினார். மணியை ஆட்டிக்கொண்டு எஞ்சின் புறப்படும் ஓசை கேட்டது. ஓட்டைக்குள் விளக்கு தெரிந்தது, புகைபோக்கி தப்பி வந்தது, மணி தப்பி வந்தது. அதற்குமேல் ஒரு கரகரப்பு, நின்றுவிட்டது. ஓட்டுநர் அறையின் கூரை சுவருக்குள் இறுகிவிட்டது. முன்னால் இழுத்தேன், வரவில்லை. பின்னால் தள்ளினால் மணி மாட்டியது.

“பாத்தீங்களா? இங்கிலீசுக்காரன் போனான், ஜேர்மன்காரன் கூரைய உரசிக்கிட்டுப் போனான். இவன் நாப்பத்தெட்டில ஒரு பங்கு. பங்கு கூடக் கூடத் துண்டு சின்னனாத்தானே வரணும்? தொதல் வெட்டினாத் தெரியாதா? நான் கணக்குப் பாத்துத்தானே எடுத்த!”

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை, அல்வாபோன்ற அந்தத் தொதலை வெட்டும் கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

“தொதல் ஒரே தட்டிலை இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. அமெரிக்கன்ரை தட்டே பெரிசு, நானா. அவன்ரை ஊர் ரயில் இங்கிலீஷ் ரயிலைவிட எவ்வளவோ உயரம். அதைக் கூடுதலாச் சுருக்கினாலும் இங்கிலீஷ்காரனைவிடக் கால் அங்குலம் மிஞ்சும்.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டையைக் கால் அங்குலம் பெரிதாக்கினால் தீர்ந்தது என்றேன். “யா அல்லாஹ், அத மட்டும் செல்லாதீங்க!” என்று கதவுப் பக்கம் பார்த்தார். சரி, நான் கொண்டுவந்த இங்கிலீஷ் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். சுலைகாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, மாப்பிள்ளை ஏறாவூர். படங்கள் போட்ட விலைப் புத்தகத்தில் அந்த அமெரிக்கனைக் காட்டி, எனக்குக் கல்யாணத்துக்கு இதுதான் வேண்டும் என்று அவளே கேட்டாளாம். நகை கேட்கவில்லை, பட்டுக் கேட்கவில்லை. வெளியே போகாத பிள்ளைக்கு, வண்டி வந்தபின், அந்த மணிச் சத்தமும் பிடித்துப்போயிற்று.

“மாத்தி எடுப்பமா மகள்?” என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டார்.

பத்து மணியளவில் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. மீராலெவ்வையின் முகம் வெளுத்தது. வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் அலியார். வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாய் இருந்தவர், ஒரு நாள் முந்தி வந்துவிட்டார். இந்தப் பக்கத்தில் கல்யாணத்தோடு வீடு மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறான். ஆகவே வீடு பார்ப்பது ஒரு முக்கியமான சடங்கு. நான் எழுந்து போகப் பார்த்தேன். மீராலெவ்வை என் கையைப் பிடித்துக்கொண்டார். “இரிங்க மாஸ்டர், நீங்கதான் இதச் செல்லி விளங்கப்படுத்தணும்.” நல்ல இடத்தில் மாட்டினேன் என்று நினைத்தேன்.

அலியார் கூரையைப் பார்த்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் திருப்தி. திரும்பி வந்து உட்காரும்போது சுவரடியில் நீட்டிக்கொண்டிருந்த எஞ்சினைக் கண்டார்.

“இது என்ன, சுவருக்கு மூக்கு மொளச்சிரிக்கி?”

நான் ரயிலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பால் என்ன அறை என்று கேட்டு, பதில் கிடைத்ததும் சிரிப்பு நின்றது.

“மீராலெவ்வைக் காக்கா, நான் பொல்லாத மனுசன் இல்ல. ஆனா பொம்பிளைகள்ற அறைக்கு ஓட்டையா? எங்கட பொடியன் நாளைக்கு ஊருக்குள்ள தல நிமிந்து நடக்கணும். எங்கட குடும்பத்தில ஏற்கனவே ஒரு பிள்ளைட கல்யாணம் ஊர்க் கதையால நிண்டது. நான் கண்ணால பாத்தவன். இத அடைச்சிருங்க. அடைச்சா எல்லாம் சரி.”

அவர் குரலில் அதட்டல் இல்லை, அதுதான் கஷ்டம். அதட்டியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். மீராலெவ்வை சிக்கிக்கிடந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓட்டை போனால் பாதை போகும். பாதை போனால், கல்யாணம் முடிந்து தாமும் மனைவியும் பின்வளவிலுள்ள சிறிய வீட்டுக்கு ஒதுங்கிய பிறகு, மகளோடு அவருக்கு இருந்த அந்தப் பேச்சும் போகும். மலை மாதிரி மனுசனின் கண் நிறைந்துவிட்டது.

“சரி. கொத்தன வரச் செல்றன்” என்றார். பிறகு சுவரைப் பார்த்து, “மகள், சரிதானே?” என்றார்.

உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“பேசல்ல. சம்மதம்தான்” என்றார் அலியார். குமர்ப்பிள்ளை பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டாள் என்பது இங்கே எல்லோரும் அறிந்த கணக்கு. நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. மீராலெவ்வையின் மனைவி ஆசியா உம்மா.

“இஞ்ச, ஒரு பேச்சுக் கேக்கணும். இந்த ஊடு யார்ட ஊடு?”

மீராலெவ்வை விழித்தார். “உன்ட ஊடுதான்.”

“எனக்கு யார் தந்த?”

“உங்கட உம்மா தந்த.”

“இனி யாருக்குப் போற?”

“மகளுக்கு.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் யார்ட சுவர அடைக்கப் போறீங்க?”

ஆசியா உம்மா தொடர்ந்தார்.

“மாப்பிள்ளைட மாமா தப்பா நெனைக்கப்படாது. நான் என்ட ஊட்ட மகளுக்குக் குடுக்கிறன். ஓட்டைய அடைக்கிறதோ வைக்கிறதோ, ஊட்டுக்காரி செல்லட்டும்.”

எங்கள் ஊரிலும் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுகிறோம். எழுதி முடித்ததும் சாவியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அத்தோடு அதை மறந்துவிடுகிறோம். இங்கேயும் ஆண்கள் மறந்துதான் இருந்தார்கள். ஆனால் நினைப்பூட்ட ஒரு ஆள் திரைக்குப் பின்னால் இருந்தார்.

அப்போது சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு அல்ல. மூன்று, நாலு, பிறகு விடாமல். உள்ளேயிருந்து யாரோ இரும்பால் சுவரை இடித்தார்கள். வெற்றிலை இடிக்கும் சின்ன உலக்கை என்று பிறகு தெரிந்தது. சுண்ணாம்பு பொலபொலவென்று தண்டவாளத்தில் கொட்டியது. எஞ்சின் ஒருதரம் நடுங்கியது, கூரைக்குமேல் ஒரு துண்டுச் செங்கல் பெயர்ந்து விழுந்தது, முறுக்கி வைத்த விசை விடுபட்டது. வெள்ளையாய்ப் பூசிக்கொண்டு, மணியை ஆட்டியபடி அமெரிக்கன் மட்டக்களப்புக்குள் ஓடி வந்தான்.

“அடியம்மா!” என்றேன் நான். என்னை அறியாமல் கையும் தட்டிவிட்டேன்.

மீராலெவ்வை எஞ்சினைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். வெள்ளைச் சட்டை எல்லாம் சுண்ணாம்பு. நான் அலியாரைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அந்த மனுசன் ஓட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

“ஏன் காக்கா, நானும் பொஞ்சாதிட ஊட்டில இரிக்கிறவன். நீங்களும் பொஞ்சாதிட ஊட்டில இரிக்கிறவர். நாம ரெண்டு பேரும் சுவரப் பத்திப் பேசி முடிவெடுக்கிறம்!”

பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார். “ஆனா இனிப் பேசாம இரிந்தா சம்மதமெண்டு நான் எடுக்க மாட்டன். அந்தக் கணக்கு இந்த ஊட்டில சரிவராது.” தாம் கொண்டுவந்த கற்கண்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். “மாஸ்டர், இதுக்கு ஒரு பெட்டி பூட்டுங்க.”

கையில் கிடைத்தது இங்கிலீஷ் பெட்டி; அமெரிக்கக் கொக்கி அதைப் பிடிக்காது. ஒவ்வொரு நாட்டானும் தன் கொக்கிதான் கொக்கி என்கிறான். தறி நூல் ஒரு துண்டு வாங்கி இரண்டையும் கட்டினேன். அலியார் கற்கண்டைப் பெட்டியில் நிரப்பி, ஓட்டைக்கு எதிரே நின்று உரக்கச் சொன்னார்: “எங்கட பொடியனப் புள்ளைக்குப் புடிச்சிரிந்தா இத எடுங்க. புடிக்காட்டி, கற்கண்டு அப்பிடியே கிறுகி வரட்டும். நான் கோவிக்க மாட்டன்.”

மீராலெவ்வை சாவி முறுக்கி விட்டார். வண்டி சுவருக்குள் போனது. இந்தத் தடவை எங்கேயும் உரசவில்லை. உள்ளே வளையத்தில் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது. ஆசியா உம்மா ஏதோ மெதுவாகச் சொல்வதும், யாரோ சிரிப்பதும் கேட்டன. மீராலெவ்வையின் உதடு அசைந்துகொண்டிருந்தது; ஓதுகிறார் போலும். திரும்பச் சாவி முறுக்கும் சத்தம்.

வண்டி வெளியே வந்தது. பெட்டியில் கற்கண்டு ஒரு துண்டும் இல்லை. அதற்குப் பதில், சுவரிலிருந்து பெயர்ந்த செங்கல் துண்டு ஒன்று இருந்தது.

அலியார் அதைக் கையில் எடுத்து உருட்டினார். “கல்யாணத்துக்குச் சரி. ஓட்டையும் இரிக்கும். அப்பிடித்தானே காக்கா?”

“அப்பிடித்தான் போல” என்றார் மீராலெவ்வை.

செங்கல் துண்டைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, “மாப்பிள்ளைக்குக் குடுப்பன். அவன் என்ன செல்றான் எண்டு பாப்பம்” என்றார் அலியார். பகலுக்குச் சோறும் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய பாலாணமும் கோழிப் பொரியலுமாக எனக்கும் சேர்த்துச் சகன் வைத்தார்கள். மூன்று பேர் ஒரே தட்டில் சாப்பிடும் வழக்கம் எனக்குப் புதிது. கொழும்பில் யாராவது சொன்னால் முகம் சுளித்திருப்பேன். அங்கே என் பக்கத்துக் கோழித்துண்டு குறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மாலை. பச்சை எஞ்சினைப் பெட்டியோடு திருப்பி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். அலியாரும் அதே ரயில்தான்; மாட்டு வண்டியை ஆளோடு அனுப்பிவிட்டு என்னோடு வந்தார். வழியில் ஒருதரம், “பொடியன் நல்லவன் மாஸ்டர். ஆனா ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுவான். நான் பழக்கினது அப்பிடி” என்றார். முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். சுலைகா யாரோ பெற்ற பிள்ளை, முகம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த உலக்கைச் சத்தம் காதில் இருந்தது.

ஏறாவூர் ஸ்டேஷனில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அலியார் எனக்கு ஸலாம் சொல்லி இறங்கினார். பிளாட்பாரத்தில் ஒல்லியாக ஒரு இளைஞன் நின்றிருந்தான். மாமனைக் கண்டதும் ஓடி வந்தான். அவர் கைலேஞ்சியை அவிழ்த்து அவன் கையில் துண்டை வைத்தார். நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பேச்சுக் கேட்கவில்லை. அவர் தரைப் பக்கம் காட்டி, இரண்டு கையாலும் ஒரு சின்ன ஓட்டையின் அளவைக் காட்டினார்; பிறகு கைகளை இன்னும் கொஞ்சம் அகட்டினார். இளைஞன் செங்கல் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவனும் கைகளால் ஒரு அளவு காட்டினான், அது மாமன் காட்டியதைவிடப் பெரிது. துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தான். ரயில் புறப்பட்டது.